சூடு ஏறினால் ஓடி, இறங்கினால் நிற்கும் ஃபேன்: சுற்றாமல் நடுங்குவது ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. சாய்ந்தமருதில் வாப்பாவின் கடைப் பின்னறையில் ஒரு பிளைவுட் பெட்டி. அதற்குள் ரவுட்டர், கமராப் படங்களைப் பதியும் டிவிஆர், கரண்ட் போனால் கைகொடுக்க 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 80 மில்லிமீட்டர் ஃபேனை அந்தப் பெட்டியில் பொருத்தி, சூட்டுக்கேற்பத் தடை மாறும் தெர்மிஸ்டர் ஒன்று, திருகித் தடையை மாற்றும் பிரிசெட் ஒன்று, ஒரு பிசி 547 ட்ரான்சிஸ்டர் வைத்து, சூடானால் தானே ஓடும்படி கட்டியிருக்கிறீர்கள். வெயில் ஏறும் நேரம் ஃபேன் சுற்றாமல் நடுங்கி உறுமுகிறது, ட்ரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியவில்லை. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், இதையே வீட்டுச் சீலிங் ஃபேனுக்கும் போடலாமா என்று கேட்கிறீர்கள். பாகத்தை மாற்றுவது பாதி வேலைதான். ஓடத் தொடங்குவது எந்தச் சூட்டில், நிற்பது எந்தச் சூட்டில் என்று உங்கள் சுற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் அது இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறது. மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நான் மட்டக்களப்பில் இன்வேர்ட்டர், யூபிஎஸ், டிவி திருத்துகிறவன், பல வருடமாக இதே தொழில். உங்கள் பலகையை நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. முதலாவது, பிசி 547 இந்த வேலைக்குப் போதாது. பேஸ், கலெக்டர், எமிட்டர் என்ற அதன் மூன்று கால்களில் கலெக்டரில் ஓடக்கூடிய உச்ச கரண்ட் 100 மில்லிஅம்பியர். உங்கள் ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், 12 வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் 0.15, 0.18, 0.2 அம்பியர் என்று ஏதாவது எழுதியிருக்கும். ஆனால் பெரிய ட்ரான்சிஸ்டரைப் போட்டால் மட்டும் நடுக்கம் போய்விடாது. தெர்மிஸ்டரின் தடை சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், அதனால் ட்ரான்சிஸ்டரைத் திறக்கும் காலான பேஸுக்குப் போகும் கரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும், ட்ரான்சிஸ்டர் அரைவாசி திறந்தபடி நின்றுவிடும். அப்போது 12 வோல்ட்டில் 6 ஃபேனுக்கும் 6 ட்ரான்சிஸ்டருக்குமாகப் பிரிந்து, 0.1 அம்பியர் ஓடினால் ட்ரான்சிஸ்டருக்குள் மட்டும் 0.6 வாட் சூடாகப் போகிறது. 25 பாகையிலேயே அந்தச் சின்னக் கறுப்பு உடம்பு தாங்குவது அவ்வளவுதான், சூடான பெட்டிக்குள் இன்னும் குறைவு. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ட்ரான்சிஸ்டர் சூடாகும்போது அது திறப்பதற்குத் தேவையான பேஸ் வோல்ட்டும் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும், அதனால் நீங்கள் காலையில் பிரிசெட்டைத் திருப்பி வைத்த இடம் மத்தியானம் வேறு இடமாகிவிடும்.

உறுமலுக்கும் காரணம் இதுதான். கம்ப்யூட்டர் ஃபேனுக்குள் கார்பன் பிரஷ் கிடையாது. காந்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க ஒரு ஹால் சென்சரும், சுருள்களை மாறி மாறி இயக்க ஒரு குட்டி ஐசியும் இருக்கும். பாதி வோல்ட் கிடைத்தால் அந்த ஐசி விழிக்கும், இலைகளைத் தள்ளிப் பார்க்கும், தள்ளப் பலம் போதாது, விட்டுவிட்டு மறுபடி தள்ளும். இப்படி நாள் முழுக்க இருந்தால் ஃபேனும் கெடும். ஆகவே ஃபேனுக்கு ஒன்றில் முழு 12 வோல்ட் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் போகக்கூடாது.

அதற்குத்தான் ஒப்பீட்டு ஐசி ஒன்று நடுவில் வேண்டும். இரண்டு வோல்ட்களைப் பார்த்து எது பெரிது என்று மட்டும் சொல்லும் வேலை அதற்கு. ஆனால் வெறும் ஒப்பீடும் போதாது, இந்த இடத்தில்தான் இணையத்தில் கிடக்கும் படங்களில் பாதிக்கு மேல் கோட்டை விடுகின்றன. 40 பாகையில் ஓடு, 40 க்குக் கீழே நில் என்று வைத்தால், ஃபேன் ஓடிய சில நொடியில் 39.9 ஆகும், நிற்கும், மறுபடி 40 ஆகும், ஓடும். வீட்டு மாடித் தண்ணீர்த் தாங்கியின் மிதவைச் சுவிட்சைப் பாருங்கள், தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகுதான் மோட்டரைப் போடும், நிரம்பிய பிறகுதான் நிறுத்தும், நடுவில் எந்த மட்டத்தில் நின்றாலும் அசையாது. அந்த நடு இடைவெளிதான் உங்கள் சுற்றுக்கும் தேவை. அதை உண்டாக்குவது ஒரே ஒரு ரெசிஸ்டர்.

சரி, சுற்றுக்கு வருவோம். ஒப்பிடும் வேலைக்கு எட்டுக் கால் ஐசியான எல்எம் 358 ஒன்று எடுங்கள், டவுனில் எந்தப் பாகக் கடையிலும் இருக்கும். 8 ஆம் காலுக்கு 12 வோல்ட், 4 ஆம் காலுக்கு நெகட்டிவ். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும், சூடேறினால் தடை குறையும் என்டிசி வகைத் தெர்மிஸ்டரின் ஒரு முனையை 12 வோல்ட்டுக்கும் மறுமுனையை 3 ஆம் காலுக்கும் கொடுங்கள், அதே 3 ஆம் காலில் இருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நெகட்டிவுக்குப் போகட்டும். சூடு கூடக் கூட 3 ஆம் காலின் வோல்ட் ஏறும். எதோடு ஒப்பிடுவது என்பது 2 ஆம் காலில்: 10 கிலோ ஓம் பிரிசெட்டின் நடுக்காலை 2 ஆம் காலுக்குக் கொடுத்து, அதன் ஓரக்கால் ஒன்றை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டுக்கும், மற்றதை இன்னொரு 10 கிலோ ஓம் வழியாக நெகட்டிவுக்கும் இணையுங்கள். இந்த இரண்டு ஓர ரெசிஸ்டர்களும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், ஆனால் பிரிசெட் மயிரளவு திரும்பினாலே பல பாகை பாயும். போட்டுவிட்டால் அதன் முழுத் திருப்பும் ஏறத்தாழ 30 முதல் 60 பாகைக்குள் அடங்கும், நிதானமாகச் சரிசெய்யலாம்.

1 ஆம் கால் வெளியீடு. அதிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பிடி 139 (BD139) ட்ரான்சிஸ்டரின் பேஸுக்குப் போங்கள். எமிட்டர் நெகட்டிவுக்கு, கலெக்டர் ஃபேனின் கறுப்பு வயருக்கு, ஃபேனின் சிவப்பு வயர் நேராக 12 வோல்ட்டுக்கு. பிடி 139 ஒன்றரை அம்பியர் தாங்கும், முழுதாகத் திறந்து நிற்கும்போது உங்கள் ஃபேனின் கரண்டுக்கு அது சூடாகவே மாட்டாது. நடுக்கால் கலெக்டர், மற்ற இரண்டில் எது பேஸ் என்பதை மல்டிமீட்டரின் டயோட் நிலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஈயம் பற்றவையுங்கள். பாவிக்காத மறுபாதி ஐசியைச் சும்மா விடாமல் 6 ஐயும் 7 ஐயும் ஒன்றாக இணைத்து, 5 ஐ 2 ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள். 8 க்கும் 4 க்கும் நடுவில் ஐசிக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்று, 12 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் 100 மைக்ரோஃபரட் 25 வோல்ட் ஒன்று. ஃபேனின் சலசலப்பு அதே 12 வோல்ட் வயரில் ஏறி ஐசியைக் குழப்பாமல் இருக்க இந்த இரண்டும்.

கடைசியாக, 1 ஆம் காலில் இருந்து 3 ஆம் காலுக்கு ஒரு 47 கிலோ ஓம். உங்கள் சுற்றில் இல்லாமல் போனது இதுதான். ஃபேன் ஓடத் தொடங்கியதும் வெளியீட்டின் வோல்ட் இந்த ரெசிஸ்டர் வழியாக 3 ஆம் காலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கும், அதனால் சூடு நன்றாக இறங்கினால்தான் ஐசி மனம் மாறும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 10 கிலோ ஓம், பீட்டா (சூட்டுக்குத் தடை எவ்வளவு வேகமாக மாறும் என்ற இலக்கம்) 3950 என்று விற்கும் தெர்மிஸ்டர் 35 பாகையில் 6.5 கிலோ ஓம், 40 இல் 5.3, 43 இல் 4.7, 50 இல் 3.6 என்று நிற்கும். ஆகவே 43 பாகையில் அதுவும் கீழே உள்ள 4.7 கிலோ ஓமும் சமமாகி 3 ஆம் காலில் 6 வோல்ட் இருக்கும், அந்த இடத்தில் ஒரு பாகைக்கு 0.12 வோல்ட் மாறும். எல்எம் 358 இன் வெளியீடு 12 வரை ஏறாது, ஒன்றரை வோல்ட் கீழே, பத்தரையில் நின்றுவிடும். அந்தப் பத்தரை வோல்ட் 47 கிலோ ஓம் வழியாக வரும்போது இடைவெளி சுமார் நாலரைப் பாகை. 100 கிலோ ஓம் போட்டால் 2 பாகை, 220 கிலோ ஓம் போட்டால் ஒரு பாகைதான். பெட்டிக்கு நான் 47 ஐத்தான் போடுவேன். இன்னொரு நன்மையும் உண்டு. தெர்மிஸ்டர் பக்கமும் பிரிசெட் பக்கமும் ஒரே 12 வோல்ட்டைப் பங்குபோடுவதால், கரண்ட் போய்ப் பற்றரி 11 வோல்ட்டுக்கு இறங்கினாலும் நீங்கள் வைத்த சூட்டு அளவு நகராது.

இனி, அந்த இடைவெளியை எங்கே வைப்பது? இதை நம்முடைய ஊருக்கு ஏற்றபடி யோசிக்க வேண்டும். குளிர் நாட்டில் ஒருவர் 30 பாகையில் ஓட, 27 இல் நிற்க என்று வைத்துப் படம் போட்டிருப்பார், அவருக்குச் சரி. நமக்குக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் வெளியே 34, 35 பாகை சாதாரணம், தகரக் கூரைக்குக் கீழே உள்ள பின்னறையில் அதைவிடக் கூட இருக்கும். ஃபேன் என்பது வெளிக்காற்றை உள்ளே இழுத்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிற சாமான், அறையின் சூட்டுக்குக் கீழே எந்தப் பெட்டியையும் அதால் கொண்டுபோக முடியாது. ஆகவே நிற்கிற சூடு அறையை விடக் குறைவாக இருந்தால் ஃபேன் ஒருக்காலும் நிற்காது, நீங்கள் சுற்றில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நல்ல வெயில் நாள் ஒன்றில் ஃபேனை நேராக 12 வோல்ட்டில் கொடுத்து, பெட்டியைப் பூட்டி, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு உள்ளே எத்தனை பாகை என்று பாருங்கள். அதுதான் ஃபேனால் இறக்கக்கூடிய ஆகக் குறைந்த சூடு. அது 37 என்று வந்தால், நிற்கிற சூடு 39 அளவில் இருக்கட்டும், நாலரைப் பாகை இடைவெளியோடு ஓடுகிற சூடு 43, 44 இல் வந்துவிடும். உங்கள் பெட்டிக்கு என்ன இலக்கம் வரும் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. பெட்டியின் அளவு, துவாரங்கள், டிவிஆருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது, அளந்துதான் ஆக வேண்டும்.

37 ஐயும் தாண்டி 41, 42 என்று வந்தால் சுற்றைத் தொட வேண்டாம், துவாரத்தைப் பாருங்கள். கீழே ஒரு பக்கம் காற்று நுழைய வழி, எதிர்ப்பக்கம் மேலே ஃபேன், அது வெளியே ஊதும்படி. நுழையும் துவாரம் ஃபேனின் வாயளவுக்காவது இருக்க வேண்டும், வலை அடித்தால் அதைவிடப் பெரிதாக. ஃபேனுக்குப் பக்கத்திலேயே துவாரத்தைப் போட்டால் அதே காற்று சுற்றிச் சுற்றி வருமே தவிரப் பற்றரிப் பக்கம் போகாது. முக்கியமாகக் குளிர வேண்டியது அந்தப் பற்றரிதான். ஈயப் பற்றரிக்கு 25 பாகைக்கு மேலே எட்டுப் பத்துப் பாகை கூடும்போதெல்லாம் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே பற்றரி கீழே, டிவிஆர் மேலே.

சோதிக்கும்போது வீடியோக்களில் தெர்மிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துக் காட்டுவார்கள், உடனே ஃபேன் சுற்றும். இங்கே மத்தியானம் அது நடக்காது. விரல் நுனியின் சூடு 33, 34 பாகை, அறையும் அதேதான். உங்கள் ஓடுகிற சூடு 43 என்றால் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் ஆகாது. சரியான வழி ஒரு கிளாஸ் தண்ணீரும் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மோமீட்டரும். தெர்மிஸ்டரின் இரண்டு கால்களுக்கும் தனித்தனியே சிலீவ் போட்டு, பழைய பேனாவின் மை தீர்ந்த குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, முனையை அரல்டைட்டால் அடைத்து ஒரு இரவு காயவிடுங்கள். பிறகு கைச்சூட்டை விடக் கொஞ்சம் கூடிய வெந்நீரை கிளாசில் எடுத்து, அதையும் தெர்மோமீட்டரின் நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கலக்குங்கள். அந்தத் தெர்மோமீட்டர்கள் பெரும்பாலும் 42 பாகைக்குச் சற்று மேல் வரைதான் காட்டும், அதோடு கண்ட உச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இறங்குவதைக் காட்டாது. அதனால் தண்ணீர் ஆற ஆற, ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபேனுக்குப் பதில் 2.2 கிலோ ஓமோடு ஒரு எல்இடி வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வசதி. தண்ணீரை ஆறவிட்டு, எல்இடி எந்தச் சூட்டில் அணைகிறது என்று முதலில் பிடியுங்கள், அது 39 க்கு வரும்வரை பிரிசெட்டைத் திருப்புங்கள். பிறகு வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எரிகிற இடம் தெர்மோமீட்டர் காட்டும் எல்லையைச் சற்றுத் தாண்டி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பலகை சரி. இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் 47 கிலோ ஓமின் ஈயம் சரியாகப் பற்றாமல் நிற்கிறது. சூடாகும்போது அணைந்து ஆறும்போது எரிந்தால் தெர்மிஸ்டரும் 4.7 கிலோ ஓமும் இடம் மாறியிருக்கின்றன.

தண்ணீரில் சரியாக வேலை செய்தது பெட்டியில் வைத்ததும் ஒன்றிரண்டு பாகை முன்னதாக ஓடத் தொடங்கினால் பதற வேண்டாம். 43 பாகையில் தெர்மிஸ்டருக்குள் ஏழரை மில்லிவாட் போல எரிகிறது. தண்ணீர் அதை உடனே இழுத்துவிடும், அசையாத காற்று இழுக்காது, அதனால் அந்தச் சின்ன மணி தன்னைத்தானே சில பாகை சூடாக்கிக்கொள்ளும். ஃபேன் ஓடி அதன்மேல் காற்றுப் பட்டதும் அந்தச் சூடு போய்விடும், இடைவெளியின் ஒரு பங்கை இது சாப்பிட்டுவிடும். 100 கிலோ ஓம் போட்டவர்களுக்கு ஃபேன் அடிக்கடி நின்று நின்று ஓடுவதற்குப் பலமுறை இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேனாக் குழாயும் அரல்டைட்டும் இதைக் கொஞ்சம் குறைக்கும். முழுதாகத் தீர்க்க வேண்டுமென்றால் 12 ஐ 5 வோல்ட்டாக்கும் 78எல்05 ஐசி ஒன்று போட்டு, தெர்மிஸ்டர் பக்கத்துக்கும் பிரிசெட் பக்கத்துக்கும் 12 க்குப் பதில் 5 வோல்ட் கொடுங்கள், தெர்மிஸ்டருக்குள் எரிவது ஆறில் ஒரு பங்காகிவிடும். அப்படிச் செய்தால் 47 கிலோ ஓமை எடுத்துவிட்டு 100 கிலோ ஓம் போட வேண்டும், இடைவெளி 5 பாகை அளவில் நிற்கும். தெர்மிஸ்டரை வைக்கும் இடம் டிவிஆருக்கு மேலே, சூடான காற்று ஃபேனுக்குப் போகிற வழியில். காற்று நுழையும் துவாரத்தின் பக்கம் வைத்தால் அது அறையின் சூட்டைத்தான் அளக்கும்.

ஃபேனின் வயர் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று வயர் என்றால் சிவப்பு 12 வோல்ட், கறுப்பு நெகட்டிவ், மஞ்சள் வேகம் சொல்லும் வயர், அதை வெட்டாமல் டேப் சுற்றி விட்டுவிடலாம். நாலு வயர் ஃபேனில் மஞ்சள்தான் 12 வோல்ட், பச்சை வேகம் சொல்வது, நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. நீலத்தைச் சும்மா விட்டால் முழு வேகத்தில் ஓடும். எல்லா வயரும் கறுப்பாக வருகிற ஃபேனும் உண்டு, அப்போது பிளக்கில் உள்ள வரிசையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

பற்றரி இருப்பதால் இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பற்றரியின் பொசிட்டிவ் முனையில் இருந்து கிளம்பும் வயரில், முனைக்கு மிகக் கிட்ட, ஒரு பியூஸ் இருக்க வேண்டும். ரவுட்டரும் டிவிஆரும் சேர்ந்து எடுப்பதைப் பொறுத்து 3 அல்லது 5 அம்பியர், ஃபேன் சுற்றுக்குத் தனியாக 1 அம்பியர். சின்னப் பற்றரிதானே என்று நினைக்காதீர்கள், குறுக்குப் பட்டால் மெல்லிய வயர் ஒன்றைச் சில நொடியில் சிவக்க வைக்கும், அது இருப்பதோ பிளைவுட் பெட்டிக்குள். இரண்டாவது, பூட்டிய ஈயப் பற்றரி என்றாலும் சார்ஜ் கூடினால் அதன் வால்வு வழியாக ஐதரசன் வெளிவரும், ஆகவே துவாரங்களை எப்போதும் அடைக்க வேண்டாம். ரிலேயை விட ட்ரான்சிஸ்டரை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், அதில் பொறி பறக்கிற முனை கிடையாது. ரிலேதான் போடுவீர்கள் என்றால் அதன் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்று, வெள்ளைக் கோடு பொசிட்டிவ் பக்கம், கட்டாயம். ஃபேனுக்குக் குறுக்கேயும் ஒன்று போட்டுவிடுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற உங்களுக்கும் எங்களுக்கும் உப்புக் காற்றுத்தான் பெரிய எதிரி. வெரோபோர்ட்டில் கட்டிய பலகையை அப்படியே விட்டால் ஐசியின் கால்களைச் சுற்றிப் பச்சை பூக்கும், 47 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் அந்த ஈரப் படலமே இன்னொரு ரெசிஸ்டராக வேலை செய்யத் தொடங்கும், மாரி காலத்தில் சுற்று காரணமில்லாமல் குணம் மாறும். எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு, ஈயம் பற்றவைத்தபோது மிஞ்சிய பிளக்ஸ் கறையை ஸ்பிரிட்டில் நனைத்த பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, நிறமில்லாத கியூடெக்ஸ் இரண்டு பூச்சு அடியில் பூசிவிடுங்கள், பிரிசெட்டின் மேல் மட்டும் படாமல். துவாரங்களுக்கு நுளம்பு வலை அடியுங்கள். பல்லிக்குச் சூடான பெட்டி என்றால் பிரியம், இரண்டு முனையில் கால் வைத்து அது செத்துக்கிடந்த பலகைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வலையை மாதத்துக்கு ஒருதடவை தூசு தட்டாவிட்டால் ஃபேன் ஓடியும் பலன் இராது.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. டபிள்யூ 1209 என்ற பெயரில் வரும் சின்னப் பலகை, 12 வோல்ட்டில் ஓடும், இலக்கம் காட்டும், வயரோடு தெர்மிஸ்டரும் ரிலேயும் சேர்ந்தே வரும். பி0 ஐ சி என்று மாற்றினால் குளிரூட்டும் நிலை, பி1 தான் நான் இவ்வளவு நேரம் சொன்ன இடைவெளி, வரும்போது 2 பாகையில் இருக்கும், 4 ஆக்கிவிடுங்கள். அதைவிட எளிது, கேஎஸ்டி 301 போன்ற இரட்டை உலோகச் சுவிட்ச், சாதாரணமாகத் திறந்திருக்கும் வகை. ஃபேன் வயரில் தொடராகப் போட்டால் முடிந்தது, ஐசியும் வேண்டாம் பிரிசெட்டும் வேண்டாம். ஆனால் அது ஓடிய சூட்டில் இருந்து பத்துப் பதினைந்து பாகை இறங்கினால்தான் மீண்டும் திறக்கும், ஆகவே 40 பாகைச் சுவிட்ச் வாங்கினால் நம்முடைய வெயிலில் ஃபேன் மாலை வரை நிற்காது. 50 வாங்குங்கள் என்பேன், ஆனால் 50 வரை பற்றரியைச் சூடாகவிட எனக்கு மனமில்லை, அதனால் பற்றரி உள்ள பெட்டிக்கு அந்த வழியை நான் சொல்வதில்லை. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 0.15 அம்பியர் ஃபேன் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 1.3 யூனிட்தான். பில்லுக்குப் பயந்து இந்தச் சுற்றைக் கட்டத் தேவையில்லை. கரண்ட் போன நேரம் பற்றரியை மிச்சம் பிடிக்கவும், உப்பும் தூசும் தேவையில்லாமல் உள்ளே இழுபடாமல் இருக்கவும், ஃபேனின் பேரிங் நீடிக்கவும்தான் இது.

சீலிங் ஃபேனுக்கு இதே சுற்று ஆகாது. அது 230 வோல்ட்டில் ஓடுகிறது, பிடி 139 க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வெளியீட்டில் 12 வோல்ட் ரிலே ஒன்றை வைத்து அதன் முனைகளால் ஃபேனைப் போட்டு நிறுத்தலாம் என்பது உண்மை. ஆனால் ஒன்றை யோசியுங்கள், சீலிங் ஃபேன் அறையைக் குளிராக்குவதில்லை, உடம்பில் காற்றுப் பட்டு வியர்வை காய்வதால்தான் நமக்குக் குளிர்கிறது. அறையின் சூட்டை அளந்து ஃபேனைப் போடுவதில் பகலில் பெரிய பயன் இராது. மார்கழியில் விடியப்புறம் குளிர ஃபேன் தானே நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அது நியாயமான தேவை. அதற்கு மூடிய பெட்டியில் வரும் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, அனுமதிப் பத்திரம் உள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு லைவ் வயரில் பொருத்துங்கள், வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்த பிறகு. டபிள்யூ 1209 ஐ 230 வோல்ட்டுக்குப் போட வேண்டாம், அதன் முனைகள் மூடியில்லாமல் கைபடும்படி நிற்கின்றன. ட்ரான்ஸ்ஃபோர்மர் இல்லாமல் ஒரு கப்பாசிட்டரை மட்டும் வைத்து 230 ஐ 12 ஆக்கும் படங்கள் நிறைய உலாவுகின்றன, அந்தப் பக்கமே போகாதீர்கள், அந்தச் சுற்றில் தெர்மிஸ்டரின் கால்கூட ஆளை அடிக்கும். 230 வோல்ட் வயரிங்கை எழுத்தில் நான் சொல்லித்தர மாட்டேன், உங்கள் வீட்டில் எந்த வயர் எங்கே போகிறது என்பது பார்க்காமல் சொல்லக்கூடிய விஷயமில்லை.

பெட்டி வேலைக்கு உங்களிடம் இருக்கும் 12 வோல்ட் ரவுட்டர் அடப்டரே போதும். பலகையைக் கட்டிய பிறகும் சரிவராவிட்டால், மேல்பக்கப் படத்தோடு அடிப்பக்கத்தில் ஈயம் பற்றவைத்த இடங்களையும் படமெடுத்துப் போடுங்கள், 1, 2, 3 ஆம் கால்களில் மீட்டர் காட்டும் வோல்ட்டையும் அந்த நேரத்து அறைச் சூட்டையும் எழுதுங்கள். அந்த நாலு இலக்கமும் இருந்தால் பிழை எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் இங்கிருந்தே சொல்லிவிடலாம்.